ஆவுடைச்செல்வி கண் மூடிய வாரம்

கொத்தனார் தெருவில் கதவுகள் மூட மறுத்த வருஷத்தில் பிறந்த பிள்ளைகள், இப்போது மீசை அரும்பிவிட்ட பிறகும், யார் வீட்டு வாசலிலும் கதவைத் தட்டத் தெரியாமல் தொண்டையைக் கனைத்துவிட்டு உள்ளே போகிறவர்களாகவே இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அவர்களுடைய தாய்மாருக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள், சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு ஆவுடைச்செல்வியின் கை காலை யார் யார் பிடித்தார்கள் என்பதில் போய்த்தான் அந்தப் பேச்சு நிற்கும்.

ஆவுடைச்செல்வி ஆலங்கட்டளை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலையில் இருந்தாள். புருஷன் தளவாய் மினி பஸ் ஓட்டினான். பிள்ளை இல்லை. வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் அவளுக்குப் பெயர் இருந்தது, அதனால் அவளுக்கு முதன்முதலில் உடம்புக்கு வந்தபோது யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. இரண்டு ஆள் சோறு தின்றாள், தின்னத் தின்ன இளைத்தாள். மார்கழிக் குளிரில் வேர்த்தது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஓடி வந்தவளுடையதைப் போல அடித்துக்கொண்டது, சேலையை விரித்துக் காட்டும்போது கை நடுங்கி முந்தானை படபடத்தது. அதற்குப் பிறகு கண்கள் வெளியே வரத் தொடங்கின.

மெதுவாகத்தான் வந்தன, பூசணிப் பிஞ்சு பருக்கிற மாதிரி, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாமல். மேல் இமை மேலேயே ஏறி நின்றுகொண்டது. கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிந்தது, வெள்ளை சிவந்தது, சிவப்பிலிருந்து நீர் வடிந்தது, அவள் சிரித்தால்கூடக் கோபமாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. சேலை எடுக்க வந்த பெண்கள் முதலாளியிடம் போய், "விலை கேட்டா முறைக்கா" என்றார்கள். முதலாளி முதலில் அவளைக் குடோனுக்கு மாற்றினார், பிறகு சுகமான பிறகு வா என்று வீட்டுக்கு அனுப்பினார்.

திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா, சின்னக் குரல்காரி, அவளிடம் ஒளிக்காமல் சொன்னாள். "உங்களுக்குத் தைராய்டு ரொம்ப வேகமா வேலை செய்யுது. அதுக்கு மாத்திரை இருக்கு. ஆனா கண்ணு அதோட வந்த வேற பிரச்சினை. உடம்புல நோயோட சண்டை போடுற சக்தி ஒண்ணு இருக்குல்ல, அது கண்ணுக்குப் பின்னால இருக்கிற சதையை எதிரின்னு நெனச்சு அடிக்குது. அடிபட்ட சதை வீங்குது, வீங்கினா கண்ணை முன்னால தள்ளுது."

"என் உடம்பு என்னையவே அடிக்குதா?"

"ஆமா."

"அதுவுமா?" என்றாள் ஆவுடைச்செல்வி.

பீடிப் புகை கண்ணுக்கு ஆகாது என்று டாக்டரம்மா தளவாயைப் பார்த்துச் சொன்னாள். தளவாய் தலையாட்டிவிட்டு வெளியே போய் ஒரு பீடி பற்ற வைத்தான். கொஞ்ச நாளில் ஆவுடைச்செல்விக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. புருஷனும் இரண்டாகத் தெரிந்தான், இரண்டு பேரில் ஒருவனும் ஒரு காரியத்துக்கும் உதவவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் தூங்கி எழுந்தபோது, தான் கண்ணை மூடாமலே தூங்கியிருந்ததை அவள் கண்டாள். இமைகள் இறங்கி வந்து பாதியில் நின்றுவிட்டன, அதற்குக் கீழே வர மாட்டேன் என்றன. அதே காலையில்தான் கொத்தனார் தெருவில் ஒரு கதவும் மூடவில்லை. தேக்குக் கதவு, தகரக் கதவு, கக்கூஸ் கதவு, ஜன்னல் கதவு எல்லாம் நிலைக்கு ஒரு சாண் முன்பு வந்து, நடுவே யாரோ கால் வைத்திருப்பதைப் போல நின்றன. மழை ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று ஆசாரியைக் கூட்டி வந்து இழைக்கச் சொன்னார்கள். ஆசாரி இழைத்தார், இழைத்து இழைத்துப் பிரமசக்தி வீட்டுக் கதவு தொட்டில் பலகை அளவுக்குச் சிறுத்த பிறகும் அது ஒரு சாண் தள்ளியே நின்றது, ஆசாரி உளியைப் பையில் போட்டுக்கொண்டு, "இது மரத்தோட வியாதி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தெரு பழகிக்கொண்டது. கோழிகள் தங்களுக்குப் பிடித்த வீட்டில் முட்டையிட்டன. குளிக்கிறவளுக்கு ஒருத்தி சேலையை விரித்துப் பிடித்து நின்றாள், பிடிக்கிறவளுக்குக் கூலி அவளுடைய முறை வரும்போது. புதிதாகக் கல்யாணமானவர்கள் பெண் வீட்டுக்கு விருந்துக்குப் போய்த் திரும்பி வராமல் இருந்தார்கள். நெய் ஊற்றிச் சாப்பிடுவதாகச் சொல்லிக்கொண்ட வீட்டில் பழைய கஞ்சி குடிப்பதையும், சனிக்கிழமை விரதக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அயிரை மீன் தின்பதையும் போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டையும் யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்து அவசரமாகப் போனார்கள். அந்தத் தெருவில் ஒருவரை ஒருவர் வெறுக்கிறதற்கு இதுவரை கதவு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. இப்போது அந்த இடைஞ்சலும் இல்லை.

தெருக் கடைசியில் இருந்த கருங்கல் வீடு சங்கரவேலுவினுடையது. சிமெண்ட் கடைக்காரர், அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குத் தலைவர், தெருவில் பாதிக் கொத்தனார்களுக்கு அவர் வழியாகத்தான் வேலை. அவர் வீட்டில் சாயங்காலமானால் டிவியைச் சத்தமாக வைப்பார்கள். ஏன் சத்தமாக வைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், கதவு சாத்தியிருந்ததால் யாருக்கும் தெரியாது. கதவு ஒரு சாண் திறந்து நின்ற முதல் சாயங்காலம், தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள், சங்கரவேலு தன் பெண்டாட்டி முப்பிடாதியின் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கையை ஓங்கி நிற்பதைப் பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். ஓங்கிய கை என்ன செய்வதென்று தெரியாமல் மேலேயே நின்று, பிறகு மின்விசிறிச் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கீழே வந்தது. அதற்குப் பிறகு அவர் அடிக்கவில்லை. முப்பிடாதியின் முகத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்பது தெருவுக்கு அந்த ஆடி மாதத்தில்தான் தெரிந்தது.

கதவுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பை முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டுப் பிரமசக்திதான். மத்தியானம் ஆவுடைச்செல்வி அயர்ந்து கிடந்தபோது எட்டிப் பார்த்திருக்கிறாள், இமை நின்ற கணக்கும் கதவு நின்ற கணக்கும் ஒன்றாக இருந்திருக்கிறது. அன்றே கோவில் முன்பு கூடினார்கள். சங்கரவேலு சத்தம் போடாமல், ஊர் நன்மையை நினைத்துப் பேசுகிறவர் மாதிரிப் பேசினார். "அந்த முட்டைக்கண்ணி கண்ணை மூடட்டும், இல்லைன்னா தெருவை விட்டுப் போகட்டும். பொம்பளைப் பிள்ளைகளை வச்சிருக்கோம். மானம்னு ஒண்ணு வேண்டாமா?" மானம் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம் பெண்கள் வந்தார்கள். கதவு திறந்திருந்ததால் கூப்பிடாமலே உள்ளே வந்தார்கள். ஆவுடைச்செல்வி கட்டிலில் ஈரத்துணியைக் கண்ணில் வைத்துப் படுத்திருந்தாள். ஒருத்தி காலைப் பிடித்தாள், இரண்டு பேர் கைகளைப் பிடித்தார்கள், ஒருத்தி தலையை மடியில் இறுக்கினாள், பிரமசக்தி கட்டைவிரல்களை அவள் இமைகளில் வைத்துக் கீழே அழுத்தினாள்.

தெரு முழுக்கக் கதவுகள் மூடின. முனையிலிருந்து கடைசிவரை, படார் படார் என்று, தகரமும் தேக்கும் ஜன்னலும் ஒன்றன்பின் ஒன்றாக. அந்தச் சத்தத்தைக் கேட்டு வெளியில் நின்ற கிழவிகள் குலவையிட்டார்கள். உள்ளே ஆவுடைச்செல்வி தலையைத் திருப்பிப் பிரமசக்தியின் கையை எலும்பு தட்டுகிறவரைக்கும் கடித்தாள். கை விலகியது, இமை ஏறியது, கதவுகள் எல்லாம் திரும்பத் திறந்துகொண்டன.

"நாய் மாதிரிக் கடிக்கா" என்று பிரமசக்தி அழுதாள்.

தளவாய் முற்றத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்து, "நான் உன்னைப் புடிக்கல" என்றான்.

"என்னைப் புடிக்கல. அவளுக கையையும் புடிக்கலைல்லா?" என்றாள் ஆவுடைச்செல்வி. அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசியதெல்லாம் சோறு சம்பந்தப்பட்ட பேச்சு மட்டுந்தான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு முகம் மாறினாள். மூடாத கண் காய்ந்து கருவிழியில் கீறல் விழுந்திருக்கிறது, ராத்திரியில் களிம்பு போட்டு இமையை இழுத்துப் பிளாஸ்திரி ஒட்டிப் படுக்க வேண்டும், இல்லையென்றால் பார்வை போய்விடும் என்றாள். ஆவுடைச்செல்வி அன்றைக்குப் பிளாஸ்திரி ஒட்டிப் படுத்தாள். தெருவுக்காக இல்லை, தன் கண்ணுக்காக. தெரு அதைத் தனக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொண்டு, மூடிய கதவுகளுக்குள் நிம்மதியாகத் தூங்கியது.

விடிந்து அவள் பிளாஸ்திரியைப் பிரித்த கொஞ்ச நேரத்தில் முப்பிடாதி புறவாசல் வழியாக வந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கித் தொங்கியது. அதை வலது கையால், யாரோ கொடுத்துவிட்டுப் போன பிள்ளையைப் போலப் பிடித்திருந்தாள்.

"இத்தனை மாசத்துக்கும் சேத்து அடிச்சாரு, யக்கா" என்றாள். "கதவைத் திறந்துக்கிட்டு ஓடிரலாம்னு பாத்தேன். திறக்கல. தாப்பாளை எடுத்துட்டேன், ரெண்டு கையாலயும் இழுத்தேன், செவுத்துல வரைஞ்ச கதவு மாதிரி அப்படியே இருக்கு. அவரும் பாத்தாரு. பூட்டிருக்குன்னு நெனச்சுச் சிரிச்சாரு."

ஆவுடைச்செல்வி பிளாஸ்திரிச் சுருளை எடுத்துச் சாக்கடையில் எறிந்தாள்.

அதன் பிறகு அவள் கண்ணைத் திறந்தே வைத்துப் படுத்தாள். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருந்தது. வெளிச்சம் ஊசியாகக் குத்தியது, வலது கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. தெரு அவளை வாசலில் நின்று திட்டியது. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள், அவள் நடந்த இடத்தில் மிளகாய் வற்றலைச் சுற்றிப் போட்டார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. திட்டுகிறவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானாகப் பார்த்து, தொண்டை கிழியத் திட்டினாள்.

முப்பிடாதி மாவுக்கட்டோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்காகக் கண்ணைக் கெடுத்துக்கிடாதீங்க, யக்கா. நீங்க மூடிக்கோங்க. நான் பட்டுக்கிடுதேன்."

"பட்டுக்கிடுதேன்னு சொல்லதுக்கு எனக்கு உன்னை மாதிரி வாய் வராது" என்றாள் ஆவுடைச்செல்வி. "உனக்காக ஒண்ணும் செய்யல. அந்த ஆளு நான் கண்ணை மூடணும்னு சொன்னாம்லா, அதுக்காகத்தான் மூடல."

ஆனால் அடுத்த முறை டாக்டரம்மா, இனித் தள்ளிப்போட முடியாது என்றாள். கண்ணுக்குப் பின்னால் எலும்பைச் செதுக்கி இடம் உண்டாக்கிக் கண்ணை உள்ளே இறக்க வேண்டும். புண் ஆறுகிறவரை இமைகளைத் தைத்து மூடி வைக்க வேண்டும்.

"தைச்சா எத்தனை நாளைக்குப் பிரிக்க மாட்டீங்க?"

"ஒரு வாரம் வச்சுக்கோங்க. புண்ணைப் பொறுத்துக் கூடவும் ஆகலாம்."

ஆவுடைச்செல்வி விரல்களை மடக்கி நாட்களை எண்ணினாள். பிறகு, ஆபரேஷனைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பிள்ளை இல்லையென்று சொன்னீர்களே என்றாள் டாக்டரம்மா. தெருப் பிள்ளைகள் என்றாள் ஆவுடைச்செல்வி. தைத்த இமை என்ன செய்யும் என்பது அந்தத் தெருவில் அவளுக்கும் முப்பிடாதிக்கும் மட்டுந்தான் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றித் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கருங்கல் வீட்டு வாசலில் போய் நின்றாள். சங்கரவேலு ஊஞ்சலில் இருந்தார்.

"கண்ணை மூடுறதுக்கு ஆபரேஷன் செய்யப் போறாங்க, அண்ணாச்சி. கூட ஒரு பொம்பளைத் துணை வேணும்ங்காங்க. தெருவுல ஒருத்தியும் வர மாட்டேங்கா. துணை இல்லைன்னா வேண்டாம்னு இப்படியே இருந்திருதேன்." சொல்லிவிட்டு, இமைக்காத கண்ணால் அவரையே பார்த்தாள்.

சங்கரவேலு அவளைப் பார்த்தார், ஒரு சாண் திறந்து நிற்கிற தன் கதவைப் பார்த்தார். "ஏட்டி முப்பிடாதி" என்று உள்ளே குரல் கொடுத்தார், "துணி எடுத்து வை. அக்கா கூடப் போயிட்டு வா." மறுநாள் தன் காரையே அனுப்பினார். தெரு அவரைப் பெரிய மனசுக்காரர் என்றது. தளவாய் காருக்குப் பக்கத்தில் வந்து, நானும் வரட்டுமா என்று கேட்டான். "நீ வீட்டுலயே இரு" என்றாள் ஆவுடைச்செல்வி.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில், கண் மூடப்போகிற நேரம் தெரிந்து, தெரு வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே காத்திருந்தது. கதவுகள் மூடுவதைப் பார்க்க ஆசைப்பட்டு ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் குடும்பம் நின்றது. சங்கரவேலு கடையைத் திறக்காமல் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசித் தையல் விழுந்தபோது எல்லாக் கதவுகளும் ஒரே சமயத்தில், ஒரே சத்தத்தோடு மூடின. உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டி முடிந்ததும் பிரமசக்தி, ஆடு கத்துகிறதே என்று கதவைத் திறக்கப் போனாள்.

திறக்கவில்லை.

கொத்தனார் தெருவில் கொத்தனார்களுக்குப் பஞ்சமில்லை. கரண்டியும் கடப்பாறையும் வைத்திருந்தவர்கள், தாங்கள் கட்டிய சுவரைத் தாங்களே உள்ளிருந்து இடித்தார்கள். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, செங்கல் செங்கலாகப் பெயர்த்து, அன்று இருட்டுவதற்குள் ஒவ்வொருவராகச் சுவர்ப் பொத்தலில் தவழ்ந்து வெளியே வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தெருவில் நின்று, தங்கள் அம்மாக்கள் புழுதி மூடிய தலையோடு சுவரிலிருந்து பிறந்து விழுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். தளவாய் ஓட்டைப் பிரித்துக் கூரை வழியாக இறங்கினான்.

கருங்கல் வீட்டுக்கு மட்டும் கடப்பாறை இறங்கவில்லை. இறக்கினால் இறங்கியிருக்கும் என்று பிறகு சிலர் சொன்னார்கள். கொத்தனார்கள் ஒன்றிரண்டு போடு போட்டார்கள், தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்ததும் நிறுத்தினார்கள். "இவ்வளவுதான் முடியும், அண்ணாச்சி. கருங்கல்லு" என்றார்கள். அந்த ஓட்டை வழியாகச் சோறு போயிற்று. சங்கரவேலு ஓட்டையில் வாயை வைத்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினார். திட்டு வெளியே வந்தது, கை எட்டவில்லை. சில நாளில் அவர் திட்டினால் சோறு தாமதமாகப் போயிற்று.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். முப்பிடாதி எடுத்து, ஆவுடைச்செல்வியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எப்ப அவுப்பாங்க?"

"டாக்டரம்மாதான் சொல்லணும்."

"நீ கேளுட்டி!"

"கேட்டேன். அவசரப்படுத்தாதீங்கன்னுட்டாங்க."

அதன் பிறகு அவர் பேசிய வார்த்தைகளை முப்பிடாதி குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுநடுவே தம் தம் என்று ஒரு சத்தம் வந்தது. அவர் அடிக்கிற சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், ஆனால் இப்போது வாங்கிக்கொண்டிருந்தது கதவு. அவள் போனை வைத்துவிட்டு, ஆவுடைச்செல்விக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கண்ணில் தையல் இருக்கும்போது சிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

தையல் பிரித்த அன்றைக்கு அந்தத் தெருக் கதவுகள் சாதாரணக் கதவுகளாயின. சங்கரவேலு குளித்து, வேட்டி மாற்றி, நேராகத் திருநெல்வேலிக்கு வந்தார். முப்பிடாதி ஆஸ்பத்திரிக்கு எதிரே, நடைபாதையில் இட்லிக் கடை போட்டிருந்த ஒருத்தியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மாவுக்கட்டுப் பிரித்த கை வெளிறி, மெலிந்து, கரண்டி பிடித்திருந்தது.

"வீட்டுக்கு வா. அங்கன வச்சுப் பேசிக்கிடலாம்" என்றார்.

"இங்கன பேசுங்க" என்றாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். பெஞ்சில் சாப்பிடுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், கண்ணில் பஞ்சு வைத்த நோயாளிகள், அவர்களுடைய துணைக்காரர்கள். முப்பிடாதி காத்திருந்தாள். அவருக்கு அங்கே வைத்துப் பேச ஒரு வார்த்தையும் இல்லை. திரும்பித் தன் காரைப் பார்த்து நடந்தார். அவள் அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றினாள்.

ஆவுடைச்செல்வி தன் வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்தாள். கண்கள் உள்ளே இறங்கியிருந்தன, பழைய மாதிரி இல்லை. வலது கண்ணில் வெள்ளைப் புள்ளி நின்றுவிட்டது, அந்தக் கண்ணுக்கு உலகம் இனிமேல் கொஞ்சம் மூடுபனிதான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். தெருவில் சுவர்களுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். தளவாய் சாமான்களைக் கட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே மினி பஸ் நிற்கிற ஷெட்டுக்குப் போயிருந்தான். யாரும் சொல்லாமலே போயிருந்தான்.

பிரமசக்தி ஒரு தூக்குச்சட்டியோடு வந்து வாசலில் கனைத்தாள்.

"மதினி, அயிரைக் குழம்பு. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத. எல்லாரும் சேந்து செஞ்சதுதான். மன்னிச்சிரு."

ஆவுடைச்செல்வி அவளை நன்றாகப் பார்த்தாள், ஒருமுறை இமைத்தாள். பிரமசக்தி அரண்டு போய்ப் பின்னால் நகர்ந்தாள்.

"மன்னிக்க மாட்டேன். குழம்பை வச்சிட்டுப் போ."

குழம்பு நன்றாக இருந்தது. பானையில் இருந்த சோற்றுக்கு அது சரியாகப் போயிற்று. சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவி, மத்தியான வெயில் முற்றத்தில் கிடக்க, கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, கண்ணை மூடினாள். மூடியது. தெருவில் அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கிறவரை ஒரு சட்டியும் உருளவில்லை, ஒரு பிள்ளையும் கத்தவில்லை, பூச்சு வேலைக்காரர்கள் கரண்டியைச் சுவரில் ஒத்தி ஒத்தி எடுத்தார்கள். எல்லாம் பயத்தில்தான், பிரியத்தில் இல்லை. ஆவுடைச்செல்விக்கு அது போதுமாக இருந்தது.